பெயர்ப்பலகை இல்லாத அறை

செங்கல்பட்டில் அந்தத் தெருவை அன்று மாலை மூன்று முறை சுற்றினோம். சித்தப்பா முன்னால், நான் நாலடி பின்னால். பள்ளிக்கூட கேட் நெருங்கும்போதெல்லாம் அவர் நடை வேகமாகும், தாண்டியதும் தளரும். மூன்றாவது சுற்றில் டீக்கடை ஓரமாக நின்றுவிட்டார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துட்டா இன்னா பாப்பா பண்றது?" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊர் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சிற்றூர். பஸ் ஸ்டாப்பில் வேட்டி விலகிக் கிடந்த சித்தப்பாவை ஊரே பார்த்திருக்கிறது. டாஸ்மாக் கதவு திறக்கும் பகல் 12 மணிக்கு முன்பே வந்து, வெயிலில் காத்து நின்ற சித்தப்பாவை, அவர் மகளே பார்த்திருக்கிறாள். என் கல்யாணப் பந்தியில் இலைமேல் அவர் விழுந்தது வீடியோவில் இருக்கிறது. அப்போதெல்லாம் வராத கூச்சம், குடியை விடுவதற்காக ஒரு வகுப்பறைக்குள் நுழைய வேண்டிய நேரத்தில் வந்துவிட்டது. கடைக்கு முன்னால் நிற்பவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த கேட்டுக்குள் போகிறவனைத்தான் ஊர் பார்க்கும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது நாம்தான்.

டீக்கடை பெஞ்சில் இருந்த ஒருவர் கண்ணாடி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயதிருக்கும். "மீட்டிங்குக்கா? வாங்க, நானும் அங்கதான் போறேன்." பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. சித்தப்பாவின் முழங்கையைத் தொட்டு நடக்க ஆரம்பித்தார். சித்தப்பாவும் கூடவே போய்விட்டார்.

அந்தப் பள்ளிக்கூடம் எது, என்ன கிழமை என்று எழுதப்போவதில்லை. அங்கே பேசப்பட்டதையும் எழுதப்போவதில்லை. வெளியாட்களும் உட்காரக்கூடிய திறந்த கூட்டம் என்பதால்தான் என்னை உள்ளே விட்டார்கள். அங்கே கேட்டது அங்கேயே என்று சொல்லித்தான் உட்காரவைத்தார்கள். சித்தப்பாவைப் பற்றி மட்டும், அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

அறை எப்படி இருந்தது என்று சொல்லலாம். கரும்பலகையில் காலையில் யாரோ எழுதிய பின்னக் கணக்கு பாதி அழிந்திருந்தது. பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க இருபது பேர் போல இருந்தார்கள். லுங்கியும் இருந்தது, இன் பண்ணிய சட்டையும் இருந்தது. முன்னால் ஒரு மேசை, அதன்மேல் குடியை விடுவதற்கான படிகளும் குழுவின் மரபுகளும் எழுதிய இரண்டு துணிப் பதாகைகள். மௌனமாக ஒரு நிமிடம், பிறகு ஒரு சிறு பிரார்த்தனை. அதன்பின் ஒவ்வொருவராக எழுந்து, தன் பெயரைச் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்கிறார். மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறார்கள். அவர் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ தன் கதையைச் சொல்கிறார். யாரும் குறுக்கே பேசுவதில்லை. புத்திமதி இல்லை. 'நீ ஏன் அப்படிச் செய்தாய்?' என்ற கேள்வி இல்லை. முடிந்ததும் நன்றி, அடுத்தவர். நடுவில் ஒரு துணிப் பை கைமாறிப் போனது. முடிந்தவர்கள் பத்தோ இருபதோ போட்டார்கள், முடியாதவர்கள் பையை அடுத்தவரிடம் தள்ளினார்கள். டீ, பிஸ்கட். ஒன்றரை மணி நேரம்.

இவ்வளவுதானா என்றுதான் எனக்குத் தோன்றியது. திரும்பி வரும் பஸ்ஸில், திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை சித்தப்பா பேசவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த மூணாவது ஆளு சொன்னாரே... அது என் கத பாப்பா. எனக்கு மட்டும்தான் அப்படின்னு நெனச்சிருந்தேன்."

ஒரு பக்கம் பார், ஒரு பக்கம் தொலைபேசி

அந்த வகுப்பறைக்கு ஒரு வம்சாவளி உண்டு. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் என்னும் ஊர். நியூயார்க்கிலிருந்து வந்த பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரர், வந்த காரியம் தோற்றுப்போய் ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கூடத்தின் ஒரு கோடியில் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு கோடியில் தொலைபேசி, பக்கத்தில் ஊர்த் தேவாலயங்களின் பட்டியல். அவர் தொலைபேசிப் பக்கம் நடந்தார். பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும், இல்லாவிட்டால் தான் குடித்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அழைப்புமேல் அழைப்பாகப் போட்டு, கடைசியில் ஒரு பெண்மணி மூலம் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரின் தொடர்பு கிடைத்தது. பதினைந்தே நிமிடம் என்று சொல்லி வந்த டாக்டர், மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார்.

டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10. அன்று காலை அவருக்கு ஓர் அறுவைச் சிகிச்சை இருந்தது; கை நடுங்கியதால் பில் வில்சனே அவருக்கு ஒரு பாட்டில் பீர் கொடுத்து அனுப்பினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். இதைப் படித்தபோது எனக்குச் சித்தப்பாவின் கைதான் ஞாபகம் வந்தது. மாமல்லபுரம் கல்பட்டறைகளில் முப்பது வருடம் உளி பிடித்த கை அது. ஒரு காலத்தில் சிலைக்கு முகம் செதுக்கினார். கை உதற ஆரம்பித்ததும் ஆடை மடிப்புக்கு இறக்கினார்கள், பிறகு பீடம் இழைக்க. கடைசியில், காலையில் ஒரு கட்டிங் உள்ளே போனால்தான் கை நிலைக்கும் என்றானபோது, பட்டறைக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆக்ரன் டாக்டரின் கத்தியும் எங்கள் ஊர் உளியும் ஒரே நோயில்தான் நடுங்கியிருக்கின்றன.

ஏ.ஏ.வின் பன்னிரண்டு படிகளைக் கொண்ட புத்தகம் 1939-ல் வந்தது. இந்தியாவில் முதல் குழு 1957-ல் டெல்லியில் தொடங்கியது. வேலை நிமித்தம் கனடாவிலிருந்து அங்கே வந்திருந்த ஓர் உறுப்பினர் அதற்குக் காரணம். அவருக்கும் பேச இன்னொரு குடிநோயாளி தேவைப்பட்டார். இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் குழுக்கள் இருக்கின்றன. தலைவர் கிடையாது, உறுப்பினர் கட்டணம் கிடையாது. வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்பதில்கூட அமைப்பாகக் கருத்துச் சொல்வதில்லை. உள்ளே வருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. நிறுத்திவிட்டுத்தான் வர வேண்டும் என்பதுகூட இல்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பாதை பெரும்பாலும் ஒரு பெண்ணின் துக்கத்தின் வழியாகப் போகிறது. கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார். குடிக்கு என்று தனியாக ஒரு மருத்துவமனையா என்று ஊர் ஆச்சரியப்பட்ட காலம். மருந்து, ஆலோசனை, குடும்பத்தாருக்கான பயிற்சி என்பதோடு, வீடு திரும்பியபின் ஏ.ஏ. கூட்டங்களுக்குப் போவதையும் சிகிச்சையின் பகுதியாகவே அங்கே வைத்தார்கள். 1989-ல் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் முகாம் போட்டு, நோயாளி சென்னைக்கு வருவதற்குப் பதில் சிகிச்சை கிராமத்துக்குப் போனது. கடலோரக் குப்பங்களில் நடக்கும்போதெல்லாம் அந்த மஞ்சக்குடி முகாமை நினைத்துக்கொள்கிறேன்.

திருமணி தெரிந்த ஊர்

நோயாளியைப் பெயர் சொல்லி விரட்டினால் என்ன ஆகும் என்று செங்கல்பட்டுக்கு வேறு எந்த ஊரையும்விட நன்றாகத் தெரியும். ஊருக்கு வெளியே திருமணியில் இருக்கும் தொழுநோய் மருத்துவமனையை 1955-ல் மத்திய அரசு எடுத்துக்கொண்டு பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. என் பாட்டி காலத்தில் 'குஷ்டரோகி' என்பது வசவு. விரல் மடங்கியவர்களைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். வியாதியைப் போன பிறவிப் பாவம் என்றார்கள். அதனால் ஆரம்பத் தேமல் தெரிந்தவர்கள் அதைச் சட்டைக்குள் மறைத்தார்கள், மறைத்து மறைத்து விரலை இழந்தார்கள். பிறகு மருந்து வந்தது. கூடவே ஒரு சொல்லும் வந்தது: தொழுநோயாளி. சுவரொட்டிகளிலும் வானொலியிலும் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பாவியாக இருந்தவர் நோயாளி ஆனார், நோயாளி ஆனதும் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

குடிகாரன், குடிநோயாளி என்ற இரண்டு சொல்லுக்கு நடுவிலும் அதே தூரம்தான். எங்கள் வீட்டில் சித்தப்பாவைக் குடிகாரன் என்று நாங்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறோம், நானும்தான். அந்த வகுப்பறையில் எழுந்து நின்று அவர் தன்னைக் குடிநோயாளி என்று சொன்னது நான்காவது வாரத்தில். அன்று நான் கூடப் போகவில்லை, சித்தியிடம் சொல்லியிருக்கிறார். சித்திக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. "நோயின்னு சொல்லிட்டா செஞ்சதெல்லாம் சரின்னு ஆயிடுமா?" என்று என்னிடம் கேட்டாள். பதினெட்டு வருடம் அடி வாங்கியவள் கேட்கிற கேள்வி. அதற்கு அந்தப் பன்னிரண்டு படிகளிலேயே இடம் இருக்கிறது: தன்னால் காயப்பட்டவர்களின் பட்டியலைப் போடுவதும், முடிந்தவரை அவர்களுக்கு நேரில் ஈடுசெய்வதும் அதில் வருகின்றன. நோய் என்பதால் பொறுப்பு போய்விடாது. சர்க்கரை நோய் வந்தது நம் குற்றமில்லை என்றாலும் மாத்திரை போடுவது நம் வேலைதானே. சித்தியிடம் இதைச் சொன்னேன். தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

அது நோய்தான் என்பதற்கு இந்த மாவட்டம் 2020 ஏப்ரலில் கொடுத்த சாட்சியை மறக்க முடியாது. கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடியிருந்தன. செங்கல்பட்டில் மூன்று பேர் பெயின்ட்டும் வார்னிஷும் கலந்து குடித்து இறந்தார்கள். அது ருசிக்காகக் குடித்ததாக இருக்க முடியாது. கொழுப்பெடுத்துக் குடிக்கிறான் என்று சொல்கிறவர்கள் அந்த மூன்று பேரையும் ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று வருடம் கழித்து 2023 மே மாதம், விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், நம் மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் பெருங்கரணை, பேரம்பாக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அமைச்சர்கள் வந்தார்கள், நிவாரணம் அறிவித்தார்கள், கைதுகள் நடந்தன. அடுத்த மாதம் 500 டாஸ்மாக் கடைகளை மூடினார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம். அங்கே அறுபதுக்கு மேல்.

ஒவ்வொரு முறையும் கடையைப் பற்றித்தான் பேசுகிறோம். மூடு, திற, நேரத்தைக் குறை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்குக் கொண்டுவந்தது முதல் 1971-ல் கருணாநிதி அதைத் தளர்த்தியது, 2003-ல் ஜெயலலிதா சில்லறை விற்பனையை டாஸ்மாக்கிடம் கொடுத்தது வரை, தமிழ்நாட்டின் மது வரலாறு என்று நாம் சொல்வது கடையின் வரலாறுதான். குடித்துப் பழகிவிட்ட மனிதனுக்கு அடுத்த நாள் காலை என்ன ஆகிறது என்பது அதில் இல்லை. எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் எடுத்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு, குடியால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் 5.7 கோடிக்கும் மேல் என்றது. குடிக்கு முழுதாக அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர் 38 பேருக்கு ஒருவர். ஒரு பஸ் நிறைய ஆட்கள் இருந்தால் அதில் ஒரே ஒருவர்.

முதலில் ஆஸ்பத்திரி

இந்தப் பகுதியை மெதுவாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் காலையிலேயே குடிக்கிற நிலைக்கு வந்தவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வேர்வை, வாந்தி, தூக்கமின்மை வரும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இடம், காலம் தெரியாமல் போகும்; சுவரில் பூச்சி ஊர்வதாகவும் யாரோ கொல்ல வருவதாகவும் சொல்வார்கள். அதைப் பேய் என்று நினைத்துக் கோடங்கிக்காரரிடம் கூட்டிப்போய் நேரத்தைக் கடத்தியவர்களை எனக்குத் தெரியும். அது டெலிரியம், அவசர சிகிச்சை வேண்டிய நிலை. நடுக்கத்தை அடக்க மாத்திரை இருக்கிறது, மூளையைக் காக்க வைட்டமின் பி1 ஊசி இருக்கிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் எந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. குடிக்காகப் போகிறவர்களும் அங்கேதான் போக வேண்டும். 'பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்' என்று சித்தப்பா மூன்று மாதம் மறுத்தார்.

இன்னொன்று. 'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் வரும். சித்தியும் ஒரு பொடி வாங்கினாள், சாம்பாரில் கலந்தாள். அப்படி விற்பதில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவைக்கிற டைசல்ஃபிராம் என்ற மருந்து நிஜமாகவே உண்டு. மருத்துவர் சொல்லி, நோயாளிக்குத் தெரிந்து, அவர் ஒப்புக்கொண்டு எடுக்க வேண்டியது அது. தெரியாமல் கொடுத்து, அவர் வழக்கம்போலக் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். சித்தியைக் குறை சொல்லவில்லை. அவளுக்கு வேறு வழியை நாம் யாரும் காட்டவில்லை.

'மறுவாழ்வு மையம்' என்ற போர்டைப் பார்த்ததும் ஆளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவதும் வேண்டாம். அடித்துக் கட்டிவைத்த இல்லங்களைப் பற்றிய செய்திகளை நாம் படித்திருக்கிறோம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவுபெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

சித்தப்பா ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தார். கிளம்பும்போது நர்ஸ் ஒருவர் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் ஒரு கிழமையும் நேரமும் தெருப் பேரும் எழுதிக் கொடுத்தார். "மாத்திரை உடம்புக்கு. இது மத்ததுக்கு" என்றார். அந்தச் சீட்டு சித்தப்பாவின் சட்டைப் பையில் ஏழு வாரம் இருந்தது, எட்டாவது வாரம்தான் அந்தத் தெருவைச் சுற்றினோம்.

கூட்டத்தைத் தேடுவது இப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது, வாய்மொழியாக. பேர் வெளியே தெரியாமல் இருப்பதுதான் அதன் உயிர் என்பதால் பெயர்ப்பலகை இருக்காது. பள்ளி, தேவாலய வளாகம், சமுதாயக் கூடம் என்று கிடைத்த இடத்தில் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் கூடுவார்கள். ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகக் கூட்டப் பட்டியல் இருக்கிறது. கிழமையும் இடமும் மாறும் என்பதால் முன்கூட்டியே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது. போனை எடுப்பவரும் ஒரு குடிநோயாளியாகவே இருப்பார். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநலத்துக்கு டெலிமானஸ் 14416. தமிழக அரசின் 104-லும் கேட்கலாம். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற போதை மீட்பு மையங்களைத் தொடங்கியது. மாமல்லபுரத்துக்காரர்களுக்கு அந்தப் பேரை விளக்க வேண்டியதில்லை.

முதல் தடவை போகிறவர் பேச வேண்டியதில்லை. பேரைக்கூட மாற்றிச் சொல்லலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர் பிரார்த்தனையின்போது சும்மா உட்கார்ந்திருக்கலாம். படிகளில் கடவுள் வருகிறார் என்றாலும், அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்றே வருகிறார். சித்தப்பா கறுப்புச் சட்டைக் குடும்பம். என் தாத்தா பெரியார் கூட்டத்துக்குச் செங்கல்பட்டுவரை நடந்தே போனவர். 'எனக்கு மேலான சக்தி' என்று சொல்லும் இடத்தில் சித்தப்பா அந்த அறையை நினைத்துக்கொள்வதாகச் சொன்னார். இருபது பேர் சேர்ந்தால் தன்னைவிடப் பெரிய சக்திதானே என்பது அவர் கணக்கு. எனக்கும் அது சரியென்றே பட்டது.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல், பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கெடுத்த 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பது என்ற ஒரு விஷயத்தில், ஏ.ஏ.வுக்கும் பன்னிரண்டு படிகளுக்கும் நோயாளியை முறையாக வழிப்படுத்தும் சிகிச்சை, பெயர்பெற்ற பிற உளவியல் சிகிச்சைகளுக்கு இணையாகவோ ஒரு படி மேலாகவோ இருந்தது. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று அதற்கு அர்த்தமில்லை. மருந்தும் வேண்டும், சிலருக்கு வேறு ஆலோசனை முறையே பொருந்தும்.

மாலையும் ஒரு நாளும்

நம் பக்கம் குடியை நிறுத்தும் முறை ஏற்கெனவே ஒன்று உண்டு. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு வேட்டி, ஐயப்பனுக்குக் கறுப்பு வேட்டி. ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் சொட்டு இறங்காது. சித்தப்பா பதினோரு வருடம் மாலை போட்டவர், பதினோரு வருடமும் மாலையைக் கழற்றிய அன்று இரவே குடித்தவர். நாத்திகக் குடும்பத்தில் பிறந்தும் சித்திக்காகப் போட்டார். அந்த நாட்களில் வீடே வேறு வீடாக இருக்கும். சித்தி பூ வைத்துக்கொள்வாள். 'நாப்பத்தெட்டு நாள் முடிஞ்சவனுக்கு நாப்பத்தொம்பதாம் நாள் ஏன் முடியல?' என்று எல்லோரும் கேட்டோம். இன்று யோசித்தால், அவர் தனியாக இல்லாமல் இருந்தது அந்த 48 நாட்கள்தான். கூடவே சாமிகள் இருந்தார்கள், பஜனை இருந்தது, குருசாமி இருந்தார், ஊர் 'சாமி' என்று கூப்பிட்டது. மாலை கழன்றதும் எல்லாம் ஒரே நாளில் கழன்றன. நாற்பத்தொன்பதாம் நாளுக்கு ஒரு துணையை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

அந்த வகுப்பறையில் 48 நாள் கணக்கு இல்லை, வாழ்நாள் சத்தியமும் இல்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்பது. நாளைக்கு நாளை பார்த்துக்கொள்ளலாம். சத்தியம் என்றால் உடைந்ததும் முழுதாக உடைந்துவிடும். உடைத்தவன் அவமானத்தில் இன்னும் குடிப்பான். சித்தப்பா நாற்பத்தோராம் நாள் ஒரு சாவு வீட்டில் குடித்தார். கடலில் தவறிய உறவுக்காரப் பையன், இருபத்திரண்டு வயது. பாடை கட்டும் இடத்தில் பாட்டில் சுற்றி வந்தது, நம் சாவு வீடுகளில் அது வழக்கம். மறுநாள் வீட்டில் யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு அவர் போகமாட்டார் என்றே நினைத்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் போன் செய்தார். திட்டுவார் என்று பயந்து சித்தப்பா ஸ்பீக்கரைப் போட்டு என்னிடம் நீட்டினார். "வா, இன்னிக்கி முதல் நாள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு கூட்டம் உண்டு. பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951-ல் தொடங்கிய அல்-அனான். குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் இவர்கள் தங்கள் மூச்சை மீட்டுக்கொள்வதற்கான இடம். சித்தியை அழைத்துப் போக இன்னும் என்னால் முடியவில்லை. "அந்தாளு குடிச்சதுக்கு நான் எதுக்கு மீட்டிங்கு போவணும்?" என்கிறாள். குடிக்கும் பெண்களின் நிலை இதைவிடக் கடினம். கட்டட வேலை முடிந்த உடம்பு வலிக்கு என்று தொடங்கிய பெண்கள் இந்தக் கடற்கரையில் இருக்கிறார்கள். ஆண்கள் நிறைந்த ஒரு வகுப்பறைக்குள் எழுந்து நின்று அந்தச் சொல்லைச் சொல்ல அவர்களுக்கு எத்தனை முறை தெருவைச் சுற்ற வேண்டியிருக்கும்! பெண்களுக்கென்று தனிக் குழுக்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. குப்பத்துப் பெண்ணுக்குச் சென்னை தூரம். தொற்றுக் காலத்தில் பரவிய காணொளிக் கூட்டம் அவளுக்குக் கைகொடுக்கலாம், கையில் தனி போனும் கதவுள்ள ஓர் அறையும் இருந்தால்.

கோவளத்திலிருந்து ஆலம்பரைவரை இந்தக் கரையில் குப்பத்துக்குக் குப்பம் கோயில் உண்டு, வலை பின்னும் கூடம் உண்டு, புயல் பாதுகாப்புக் கட்டடம் பல இடங்களில் உண்டு. ஒரு கூட்டத்துக்கு வேண்டியது பத்து நாற்காலியும் ஒரு விளக்கும்தான். மாலை ஆறரைக்குச் செங்கல்பட்டில் நடக்கும் கூட்டத்துக்கு, விடியுமுன் கடலுக்குப் போகிறவர் வந்து திரும்ப முடியாது. அவருக்கு அது தூங்குகிற நேரம். மதியம் மூன்று மணிக்கு, வலை காயும் நேரத்தில், குப்பத்திலேயே நடந்தால் வருவார். ஊர்ப் பஞ்சாயத்தார் நினைத்தால் ஒரு கூடத்தைத் திறந்துவிட முடியும். ஏ.ஏ. வாடகை கொடுத்துவிடும், தானம் வாங்காது. ஆனால், அந்த நேரத்தில் வாசலில் நின்று யார் யார் போகிறார்கள் என்று வேடிக்கை பார்க்காமல் இருக்க வேண்டும். குப்பத்தில் கடினமான பகுதி அதுதான்.

சித்தப்பா குடித்து இன்றோடு பதினான்கு மாதம் ஆகிறது. பட்டறையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். முகம் செதுக்க இன்னும் விடவில்லை, ஆடை மடிப்புவரை வந்திருக்கிறார். கூட்டம் ஆறரைக்கு என்றால் இவர் ஒரு பஸ் முன்னாலேயே போய்விடுகிறார். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று போன வாரம் கேட்டேன். அந்த டீக்கடை பெஞ்சில் ஒரு டீ வாங்கி வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். ஒரே ஆள் இரண்டாவது முறை கேட்டைத் தாண்டிப் போகிறாரா என்று பார்ப்பாராம். மூன்றாவது சுற்றுக்கு விடுவதில்லை.